கிராமப்புறப் பணிக்குப் போகும் ஹவுஸ் சர்ஜனுக்கு: அனுப்பக் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: சென்னையில் பிறந்து வளர்ந்தவள் நான். தருமபுரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். அடுத்த மாதம் சமூக மருத்துவப் பிரிவின் கிராமப்புறப் பணி தொடங்குகிறது. மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கி வேலை பார்க்க வேண்டும். "போய்க் கையெழுத்துப் போடு, மீதி நேரம் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படி, அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை" என்கிறார்கள் சீனியர்கள். எனக்கோ ராத்திரியில் பாம்புக்கடி, பிரசவம் என்று ஏதாவது வந்தால் என்ன செய்வேன் என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடுதான் போக வேண்டும். சீனியர்கள் சொல்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வருடங்களாக உங்கள் மாவட்டத்துப் பக்கமே ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மருத்துவக் கல்லூரி வார்டுக்கு வரும் நோயாளி பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாறி வருகிறவர். நோய்க்கு யாராவது ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பார்கள், கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருக்கும். சின்ன ஊரில் அதே நோய் முதல் நாளில், சில சமயம் முதல் மணி நேரத்திலேயே, பெயர் இல்லாமல் உங்கள் முன்னால் வந்து உட்காரும். "உடம்பு ஒரு மாதிரியா இருக்குங்க" என்பதுதான் தகவல். இதில் எவரை இங்கேயே வைத்துப் பார்ப்பது, எவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எப்போது, எப்படி அனுப்புவது என்பதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தர முடியாது. ஏனென்றால் கல்லூரி வாங்கிக்கொள்ளும் இடம். அங்கிருந்து அனுப்புவது அபூர்வம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் அங்கே தனி ஆள் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பன்னிரண்டு மாதப் பயிற்சியில் 12 வாரம் சமூக மருத்துவத்துக்கு. அதுவும் மேற்பார்வையில் பார்க்கும் வேலை. உங்களிடம் இருப்பது தற்காலிகப் பதிவு. மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், போலீஸ் வழக்குத் தொடர்பான ஆவணம் எதிலும் நீங்கள் உங்கள் பெயரில் கையெழுத்திடக் கூடாது. "ஒரு கையெழுத்துதானே டாக்டரம்மா" என்று ஊரில் நல்ல மனிதர்களே கேட்பார்கள். மருத்துவ அலுவலரிடம் அனுப்பிவிடுங்கள். ராத்திரி சந்தேகம் வந்தால் அவரை எழுப்புவதற்குத் தயங்காதீர்கள். எழுப்பியதற்காகக் கோபப்படும் அலுவலரை நான் பார்த்திருக்கிறேன். எழுப்பாமல் விட்டதற்காக ஒரு வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, பாம்புக்கடி. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு விடியற்காலை ஐந்து மணிக்குப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். நிலக்கடலைக் காட்டுக்குக் காவலுக்குப் போய்த் தரையில் துண்டை விரித்துப் படுத்தவன். "வயிறு பிசையுது" என்றான். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. அமிலத்துக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பணியில் இருந்த சிஸ்டர் வந்து, "சார், அந்தப் பையன் கண்ணைப் பாருங்க. அது தூக்கக் கலக்கம் இல்லை" என்றார். மேலே கூரையைப் பார்க்கச் சொன்னேன். நெற்றி சுருங்கியது, புருவம் ஏறியது, இமை மட்டும் பாதிக் கண்ணிலேயே நின்றது. கட்டுவிரியன். உடம்பில் பல் பட்ட தடம் எங்கேயும் தெரியவில்லை. விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே, ஆம்புலன்ஸில் ஆம்பு பையை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டு போனோம். ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தான். அந்த சிஸ்டர் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் சொல்கிறேன். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் சொருகுதல் என்று வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது கட்டுவிரியன் கடிதான். அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. இன்னொன்று, எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் ரத்த உறைவுச் சோதனை இதில் உங்களை ஏமாற்றிவிடும். ரத்தம் உறையாமல் போவது விரியன்களில், அதாவது கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடித்தால். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் அந்த வகை இல்லை, அதுவும் நாகமும் நரம்பைத் தாக்குபவை. ரத்தம் நன்றாக உறைந்திருக்கும், ஆனால் மூச்சு நின்றுகொண்டிருக்கும். சோதனையைச் செய்யும்போது புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் தப்பான முடிவைக் காட்டும்.

எந்தப் பாம்பு என்று கண்டுபிடிப்பதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். அடித்து எடுத்துவரச் சொல்லவும் வேண்டாம். நம்மிடம் உள்ள மருந்து நாலு பாம்புக்கும் ஒன்றேதான். (அந்த மருந்துக்கான விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். 1978-இல் தொடங்கிய சங்கம். ஒவ்வொரு மருந்துக் குப்பியை (வயல்) உடைக்கும்போதும் அவர்களை நினைத்துக்கொள்வேன்.) விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் பெரியவர், குழந்தை எல்லோருக்கும் முதல் அளவு 10 வயல். அதைத் தொடங்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். "பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளட்டும்" என்று சும்மா அனுப்பினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடலாம். ஒவ்வாமை வந்தால் தொடையில் போட அட்ரினலின் 0.5 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்திலேயே இருக்கட்டும். இது பெரியவர்களுக்கான அளவு. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தால் சட்டென்று அவிழ்க்காதீர்கள். மருந்து ஏறத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். 2024 முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஆகவே பதிவேட்டில் எழுதுவதையும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். போன முதல் நாளே, ஓ.பி. முடிந்ததும், ஸ்டாஃப் நர்ஸைக் கூட்டிக்கொண்டு அவசர அறையைத் திறந்து பாருங்கள். விஷமுறிவு மருந்து எத்தனை வயல், காலாவதித் தேதி என்ன, ஆக்ஸிஜன் சிலிண்டரில் அளவு எவ்வளவு, அதைத் திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது, ஆம்பு பை கிழியாமல் இருக்கிறதா, குழந்தைக்கான முகமூடி இருக்கிறதா. நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போன நேரத்தில் தேடக் கூடாது.

பிரசவத்தைப் பொறுத்தவரை உங்களைவிட அந்த நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரியும். கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள், வெட்கமே வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம். கர்ப்பிணிக்குத் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, அதோடு பி.பி. 160/110 அல்லது அதற்கு மேல் என்றால் வலிப்பு வருவதற்குக் காத்திருக்கக் கூடாது. அலுவலரிடம் சொல்லி, அனுப்புவதற்கு முன் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் 10 கிராம், ஒவ்வொரு இடுப்பிலும் 5 கிராம் ஆழமாகத் தசைக்குள் போட வேண்டும். 50 சதவீத ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) ஒன்றில் 1 கிராம் இருக்கும். அப்படியானால் பத்து ஆம்பூல். உடைத்து ஏற்றவே சில நிமிடம் பிடிக்கும், ஒருவர் கை போதாது.

நெஞ்சுவலிக்காரர் இங்கே நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். "வாயு பிடிச்சிருக்கு", "நெஞ்சு கரிக்குது", "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்பார். வேர்த்திருக்கிறதா என்று சட்டையைத் தொட்டுப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர் இப்படிச் சொன்னால் முதலில் ஈ.சி.ஜி., அப்புறம்தான் ஜெலுசில். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு என 14 மாத்திரை ஒன்றாக வைத்திருப்பார்கள். அந்தப் பொட்டலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் முதல் நாள் வேலை.

இப்போது அனுப்புவதைப் பற்றி. "மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது" என்று ஒரு வரி மட்டும் எழுதிய சீட்டை நீங்களே கேஷுவாலிட்டியில் வாங்கி எரிச்சல்பட்டிருப்பீர்கள். அந்தச் சீட்டை நீங்கள் எழுதாதீர்கள். எப்போது தொடங்கியது, வந்தபோது நாடி, பி.பி., ஆக்ஸிஜன், சர்க்கரை எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள், எதைச் சந்தேகப்படுகிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள். ஆறே வரி. அப்புறம் அங்கே பணியில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 108 ஊழியரிடமும் வாயால் சொல்லுங்கள்.

கூட வந்தவர்களிடம் பேசுவது இதில் பாதி வேலை. "இங்கே முடியாது, கொண்டுபோங்கள்" என்றால் பிழைக்கமாட்டார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள், அல்லது வேப்பிலை அடிக்கிறவரிடம் போய்விடுவார்கள். "முதல் மருந்து போட்டாச்சு, இனி மூச்சுக்கு மெஷின் வேண்டும், அது அங்கே இருக்கு, போன் பண்ணிச் சொல்லிட்டேன், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க" என்று சொல்லிப் பாருங்கள், போய்ச் சேருவார்கள். பணம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், வீட்டில் மாட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள். பால் கறக்க ஆளில்லை என்பதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்ட அம்மாக்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை.

வாரத்தில் ஒரு நாளாவது வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) கூட ஊருக்குள் போங்கள். ஊர்க்காரர்களுக்கு அவர் 'நர்சம்மா'. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி, மீதி நாளெல்லாம் அவர் கால் நிற்காது. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், யார் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் டி.பி. மாத்திரையைப் பாதியில் விட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களும் சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். அவர்களோடும் நடந்து பாருங்கள். "ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்கள்" என்று நாம் ஓ.பி.யில் சொல்வது ராகிக் களி கிண்டும் வீட்டில் எவ்வளவு பொருந்தாத பேச்சு என்பது அந்த அடுப்படியில் நின்றால்தான் புரியும். களியை விடச் சொல்ல வேண்டாம், உருண்டையைச் சின்னதாக்கிக் கீரைக் குழம்பைக் கூட்டச் சொல்லுங்கள். பழுப்பேறிய பற்களைப் பார்த்தால் பல் தேய்ப்பதில்லையா என்று கேட்டுவிடாதீர்கள். அது அந்த மண்ணின் நிலத்தடி நீரில் உள்ள புளூரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான்.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்று வருபவரை ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில். பீடி நெருப்புச் சுட்ட மாதிரி வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் சின்ன உண்ணிப்பூச்சி கடித்து வரும் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தவறவிட்டால் நுரையீரல் வரை போகும். பெண்கள் காட்டத் தயங்குகிற இடங்கள் இவை. நீங்கள் பெண்ணாக இருப்பது இதில் அவர்களுக்குப் பெரிய உதவி.

பதினெட்டு வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால், கல்யாணமாகியிருந்தாலும், அது போக்சோ சட்டத்தின் கீழ் தகவல் கொடுத்தே ஆக வேண்டிய விஷயம். அன்றைக்கே அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணை மட்டும் கடிந்து பேசாதீர்கள். அவள் அடுத்த மாதமும் செக்கப்புக்கு வர வேண்டும்.

தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தால் கதவுத் தாழ்ப்பாள், கழிவறை, தண்ணீர் மூன்றையும் பகலிலேயே பார்த்துவிடுங்கள். சரியில்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள், அது உரிமை. நல்ல டார்ச் ஒன்று, ஷூ ஒரு ஜோடி. ராத்திரி வாசலைத் தாண்டினால் இரண்டும் வேண்டும். படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மதியத்துக்குமேல் ஓ.பி. ஓய்ந்துவிடும், சாயங்காலம் நிறைய நேரம் கிடைக்கும்.

கடைசியாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் மூன்று எண்கள்: மருத்துவ அலுவலர், அந்த ஊர் வி.எச்.என்., மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இரண்டாம் பக்கத்திலிருந்து நீங்கள் அனுப்பிய ஒவ்வொருவரையும் வரிசை எண் போட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம். வயது, நீங்கள் சந்தேகப்பட்ட நோய், அனுப்பிய நேரம் போதும். மறுநாள் போன் பண்ணி என்ன நோய் என்று முடிவானது, ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டு அதன் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.