ரஷ்யப் பாட்டி வீட்டில் மகள் தங்கலாமா? ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

மகள் ரஷ்ய மொழி படிக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறாள், விடுதி வேண்டாம், ஒரு குடும்பத்தோடு தங்குகிறேன் என்று அடம் பிடிக்கிறாள், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொழிதான் நோக்கம் என்றால் வீடே நல்லது. விடுதியில் நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்துவிட்டால், வகுப்புக்கு வெளியே ரஷ்ய மொழி காதிலேயே விழாது.

எந்த வீடு என்பதுதான் முக்கியம். ஆங்கிலம் பேசும் இளம் தம்பதி வீடு உங்களுக்கு நிம்மதியாகத் தெரியும். நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பணி ஓய்வு பெற்று, பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருக்கும் ஒரு பெரியம்மா வீடுதான் சரி. ராத்திரிச் சாப்பாடு முடிந்து தேநீரோடு அடுக்களை மேசையில் நடக்கும் பேச்சுதான் உங்கள் மகளுக்கு உண்மையான வகுப்பு.

அந்தப் பேச்சைக் கெடுக்கப் போவது யார் தெரியுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள்தான். அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே இரவு 9.30. வேலையெல்லாம் முடித்துவிட்டு நீங்கள் வீடியோ காலில் வரும் நேரம் அதுதான். மகள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். காலையில் பேசுங்கள்: உங்களுக்கு 10 மணி, அவளுக்கு 7.30. இன்னொன்று, 2025 ஆகஸ்டில் அங்கே வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். எதில் பேசுவது, பேச முடியாத நாளில் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். 'இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால், துண்டுகளை எடுத்துவிட்டு எலும்புச் சாற்று சூப்பை அன்போடு ஊற்றிக் கொடுப்பார்கள். கோழி, மீன், சூப்புக்கான சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியாக முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சி, பால், முட்டையை விலக்குவது வழக்கம். அந்த நோன்புச் சமையல் மாதிரி, பால் மட்டும் சேரும் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பக்வீட் என்ற தானியத்தில் செய்யும் கஞ்சி, உருளைக்கிழங்கு, கேஃபிர் என்ற புளித்த பால், இவற்றை வைத்து ஒப்பேற்றலாம். ரசப்பொடி கொடுத்து அனுப்புங்கள். ஆனால் குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்திய வீட்டில் தாளிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

பழக்கவழக்கம் பற்றிக் கவலை வேண்டாம். அங்கேயும் செருப்பு வாசலோடு சரி, உள்ளே வீட்டுச் செருப்பு. வெறுங்காலில் நடந்தாலோ ஈரத்தலையோடு வெளியே கிளம்பினாலோ திட்டு விழும். நீங்கள் திட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. வீட்டுக்கார அம்மாவை அவர் பெயரோடு அவருடைய அப்பா பெயரிலிருந்து வரும் பெயரையும் சேர்த்து, மரியாதைப் பன்மையில் கூப்பிட வேண்டும். கோடையில் குழாய்ப் பராமரிப்புக்காக இரண்டு வாரம் வரை வெந்நீர் நிற்கும். அது ஊர் வழக்கம், வீட்டுக்காரரோடு சண்டை போடக் கூடாது. வீடு, ஊருக்குள்ளேயே நேவா நதியில் இருக்கும் வசீலியெவ்ஸ்கி தீவில் என்றால், கப்பல் போகும் மாதங்களில் நதிப் பாலங்களை நள்ளிரவுக்குப் பின் தூக்கிவிடுவார்கள். மெட்ரோவும் நள்ளிரவோடு நிற்கும். அதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். வந்து 7 வேலை நாட்களுக்குள் அந்த முகவரியில் குடிவரவுப் பதிவு செய்தாக வேண்டும்; அதை யார் செய்வார், வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சம்மதம் இல்லை என்றால் அந்த வீடு வேண்டாம். அடுத்து, வாடகையை எப்படிக் கொடுப்பது? 2022 மார்ச்சிலிருந்து இங்குள்ள வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது. ஆரம்பச் செலவுக்கு ரொக்கம் வேண்டும், அப்புறம் அங்கேயே கணக்கு தொடங்கலாம்.

பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி வழியில் இளநிலைப் படிப்பில் சேர, மொழித் தேர்ச்சியில் பி1 எனப்படும் இடைநிலை வேண்டியிருக்கும். எழுத்துகூடத் தெரியாமல் போனால் முதல் மாதங்கள் சைகையிலேயே கழியும். சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்ய கலாச்சார மையத்தில் அடிப்படை வகுப்பு நடத்துகிறார்கள். அடுத்த வகுப்பு எப்போது என்று இந்த வாரமே விசாரியுங்கள்.