கோக் படிந்த கேட்டலிஸ்டை எரித்து மீட்கும் மாடலை எங்கிருந்து தொடங்குவது?

நிலைப்படுகை ரியாக்டரில் (கேட்டலிஸ்ட் மணிகள் அசையாமல் நிரம்பியிருக்க, வாயு ஊடே ஓடும் கலன்) கோக் என்னும் கரி படிந்து மந்தமான கேட்டலிஸ்டை, அதாவது வினையூக்கியை, எரித்து மீட்பதை மாடல் செய்ய வேண்டும், எந்த வேகச் சமன்பாட்டை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் கெமிக்கல் மாணவர்களின் இறுதியாண்டு ப்ராஜெக்டுகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேகச் சமன்பாடு அப்புறம். முதலில் வெப்பக் கணக்கை எழுதுங்கள்.

கோக்கை எரிப்பது எளிது. கேட்டலிஸ்டுக்குச் சேதமில்லாமல் எரிப்பதுதான் பாடு. ஒரு மோல் கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 394 கிலோ ஜூல் வெளிவரும். அதனால்தான் எடுத்ததும் வெறும் காற்றை விடுவதில்லை. நைட்ரஜனில் 1 சதவீதம் போலக் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து தொடங்குவார்கள். அந்த 1 சதவீதமே, வெப்பம் முழுவதும் வாயுவில் சேர்ந்தால், அதைச் சுமார் 130 டிகிரி சூடேற்றிவிடும். நம் பக்கம் சீமைக்கருவேலில் கரிமூட்டம் போடுகிறவர்கள் காற்றுத் துளையைப் பார்த்துப் பார்த்துத்தான் திறப்பார்கள். கொஞ்சம் கூடினாலும் கரி சாம்பலாகிவிடும். இங்கேயும் அந்தக் கவனம்தான் வேண்டும்.

ஆனால் 130-ஐயே உச்சம் என்று நம்பிவிடாதீர்கள். எரிமுகம், அதாவது கோக் எரிந்துகொண்டிருக்கும் பகுதி, படுகையில் மெதுவாக நகரும், வெப்ப அலை அதற்கு முன்னால் ஓடும். ஆக்சிஜனைக் கூட்டினால் எரிமுகம் வேகமெடுத்து வெப்ப அலையை நெருங்கும். வெப்பம் விலகிப் போக வழியின்றி அங்கேயே குவியும். இன்னொன்று: சூடு ஏறுகிறதே என்று உள்ளே வரும் வாயுவைச் சட்டென்று குளிர்வித்தால் உச்சம் மேலும் ஏறக்கூடும். முன்பகுதி குளிர்ந்து அங்கே எரிதல் மட்டுப்படும்; செலவாகாத ஆக்சிஜன் கோக் மிச்சமிருக்கும் சூடான பகுதிக்குப் போய்ச் சேரும். உங்கள் மாடலில் இது தெரியவில்லையென்றால், திடப்பொருளின் வெப்பக் கொள்ளளவைச் சரியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆகவே சூடு ஏறினால் குறைக்க வேண்டியது ஆக்சிஜனை, உள்ளே வரும் வாயுவின் சூட்டை அல்ல.

சரி, வேகம். நுண்துளைக் கேட்டலிஸ்ட் மணிகளுக்குள் கோக் எரிவதைப் பற்றி வைஸும் குட்வினும் 1963-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். குறைந்த வெப்பநிலையில் கேட்டலிஸ்ட் மணிக்குள் எங்கும் கோக் சீராக எரியும். வெப்பநிலை ஏறினால் ஆக்சிஜன் உள்ளே ஊடுருவுவதே தடையாகி, வெளியிலிருந்து உள்நோக்கி எரியும். இரண்டுக்கும் ஒரே சமன்பாடு பொருந்தாது.

கோக்கை வெறும் கார்பனாக எடுத்துக்கொள்ளும் சுருக்குவழி எனக்குப் பிடிக்காது. அதிலுள்ள ஹைட்ரஜன் முந்திக்கொண்டு எரியும், ஒரு மோல் ஆக்சிஜனுக்குக் கார்பனைவிட அதிக வெப்பம் தரும், நீராவியும் உண்டாக்கும். கேட்டலிஸ்ட் ஸியோலைட்டாக (அலுமினியமும் சிலிக்கனும் கலந்த நுண்துளைப் பொருள்) இருந்தால், சூடும் நீராவியும் சேர்ந்து அதன் கட்டமைப்பிலிருந்து அலுமினியம் கழன்றுவிடும். அந்த இழப்பை எந்த எரிப்பும் மீட்காது. கோக்கின் ஹைட்ரஜன்–கார்பன் விகிதத்தை ஆய்வகத்தில் அளந்து வாங்கிக்கொண்டு கணக்கில் உட்காருங்கள்.