கைட்டுக்குக் காற்றடிக்க மின்சார பம்ப் வாங்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் கைட்சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) பயிற்சி முடித்து, சொந்தமாக 12 சதுர மீட்டர் கைட் ஒன்று வாங்கியிருக்கிறேன். கையால் காற்றடித்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. மின்சார பம்ப் வாங்கலாமா? காரில் டயருக்காக வைத்திருக்கும் பம்பே போதுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. டயர் பம்பைக் காரிலேயே விட்டுவிடுங்கள். மின்சார பம்ப் தாராளமாக வாங்கலாம். ஆனால் நேரம் மிச்சமாகும் என்று நம்பி வாங்காதீர்கள். இடுப்பு மிச்சமாகும், அவ்வளவுதான். கைப் பம்பையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அது கடைசி வரை தேவைப்படும்.

நான் சென்னைக்காரன். காற்றுக்காலம் பார்த்துப் பாம்பன் தீவுக்கு வந்துபோகிறவன். முதுகெலும்பில் தட்டு விலகியிருப்பதால், குனிந்து நிமிரும் வேலையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். அப்படித்தான் மின்சார பம்ப் என் பைக்குள் வந்தது. சோம்பேறித்தனம் என்று உடன் வருகிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

டயர் பம்ப் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். என் 12 சதுர மீட்டர் கைட்டின் முன்குழாயையும் (முன்விளிம்பு நெடுக ஓடும் காற்றுக் குழாய்) ஸ்ட்ரட்களையும் (அதிலிருந்து பின்னோக்கி நீளும் சிறு காற்றுக் குழாய்கள்) டேப் வைத்து அளந்து பார்த்தேன். உள்ளே ஏறத்தாழ 150 லிட்டர் இடம் இருக்கிறது. அதில் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 14.7 பி.எஸ்.ஐ. என்பதால், 7 என்பது அதில் ஏறக்குறைய பாதி. ஆகவே 150 லிட்டர் குழாய்க்குள் 220 லிட்டர் வெளிக்காற்றைத் திணிக்க வேண்டும். முதல் 150 லிட்டர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்விடும். மீதி 70 லிட்டர்தான் உங்கள் இடுப்பைப் பதம் பார்ப்பது.

சாதாரண டயர் பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் அளவில்தான் காற்று தரும். அது 35 பி.எஸ்.ஐ. டயருக்காகச் செய்யப்பட்டது, அழுத்தம் அதிகம், அளவு குறைவு. உங்கள் கைட் நிரம்ப ஏழெட்டு நிமிடம் இடைவிடாமல் ஓட வேண்டும். அதற்குள் அதன் சிலிண்டர் தொட முடியாதபடி சுட்டுவிடும். கைட் முழு வடிவத்துக்கு வந்த பிறகு நிறுத்தத் தவறினாலோ, 35 பி.எஸ்.ஐ. வரை போகக்கூடிய கருவி 7 பி.எஸ்.ஐ. தையலோடு மோதிக்கொண்டிருக்கும். தையல் பிரிந்தால் உள்ளிருக்கும் பிளாடர் (காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய பை) வெளியே பிதுங்கி வெடிக்கும். காற்று மெத்தைக்கு அடிக்கும் ஊதி இதற்கு நேர் எதிர்: அரை நிமிடத்தில் குழாயைப் பெரிதாக்கிவிடும், ஆனால் 1 பி.எஸ்.ஐ.யைக்கூட எட்டாது. பார்க்க நிரம்பியதுபோல் இருக்கும், தொட்டால் தொளதொளவென்றிருக்கும்.

நீங்கள் தேட வேண்டியது இரண்டையும் செய்கிற பம்ப். நின்று துடுப்புப் போடும் காற்றுப் பலகைகளுக்காக விற்கிறார்களே, அந்த வகை. உள்ளே முதலில் ஒரு விசிறி ஓடி அளவை நிரப்பும். அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. அருகே வந்ததும் விசிறி நின்று பிஸ்டன் தொடங்கும். சத்தம் மாறுவது காதிலேயே தெரியும்: முதலில் இரைச்சல், பிறகு தடதடப்பு. வேண்டிய அழுத்தத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால் தானாக நின்றுவிடும். அந்தப் பலகைகளுக்கு 15 பி.எஸ்.ஐ. வரை தேவை என்பதால் 7 அதற்கு எளிய வேலைதான். கைட் நிறுவனங்களே தங்கள் பெயரில் விற்பதும் பெரும்பாலும் இதே அமைப்புதான். விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது நேரம். பெரிய கைப் பம்ப் ஒரு தள்ளுக்கு மூன்று லிட்டர் காற்று தருகிறது என்றால் 220 லிட்டருக்கு எழுபத்தைந்து, எண்பது தள்ளு. கை பழகியவருக்கு இரண்டு மூன்று நிமிடம். மின்சார பம்பும் எனக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கிறது, சில நாள் கூடுதலாகவே. பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை நூறு லிட்டர் என்று அச்சிட்டிருப்பது, குழாயும் வால்வும் இல்லாமல் வெறும் காற்றில் ஊதும் கணக்கு. கைட்டின் வால்வு பலகையின் வால்வைவிடச் சிறியது, அங்கேயே பாதி வேகம் போய்விடும். எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள சில மையங்களில் கரையிலேயே பெரிய கம்ப்ரசர் வைத்துக் குழாய் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அங்கே உண்மையிலேயே நேரம் மிச்சமாகும். நம் பையில் அடங்கும் பம்பிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கைப் பம்பில் காற்றடிக்கும்போது நீங்கள் அதன் இரண்டு பக்கமும் மிதித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பம்பிலிருந்து ஒரு கயிறு கைட்டின் நடுவிலுள்ள வளையத்தில் மாட்டியிருக்கும். அதாவது, கைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நங்கூரம் உங்கள் உடல் எடைதான். யாரும் அப்படி நினைத்துக்கொண்டு நிற்பதில்லை, ஆனால் உண்மை அதுதான். மின்சார பம்ப் இரண்டு கிலோ இருந்தால் அதிகம். அதில் கைட்டை மாட்டிவிட்டு, சேணத்தை (கைட்டோடு உடலை இணைக்கும் இடுப்புப் பட்டையை) எடுக்கப் பத்தடி தள்ளிப் போனீர்கள் என்றால், வடிவம் வந்துகொண்டிருக்கும் 12 சதுர மீட்டர் துணியை இரண்டு கிலோ பெட்டிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 20 நாட் காற்று, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், அதைப் பெட்டியோடு சேர்த்து உருட்டிக்கொண்டு போகும். தனுஷ்கோடிப் பக்கம் போல இருபுறமும் கடல் இருக்கும் மணல்திட்டில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. உருளும் கைட் வழியில் நிற்கிற ஆளையும் அடிக்கும்.

ஆகையால் கயிற்றைப் பம்பில் மாட்டாதீர்கள். இடுப்பில் சேணம் கட்டிக்கொண்டு அதன் கொக்கியில் மாட்டுங்கள். அல்லது பம்ப் ஓடும் நேரம் முழுவதும் முன்குழாயின் நடுவைக் கையால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். 'தானியங்கி' என்று பெட்டியில் போட்டிருப்பது காற்றடிப்பதற்கு மட்டும்தான். அந்த மூன்று நிமிடத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கருவி காட்டும் பெரிய ஆசை, அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, கைப் பம்ப் உங்களிடம் பேசும். ஐம்பதாவது தள்ளிலும் கை லேசாகப் போனால் எங்கோ கசிகிறது, அல்லது வால்வு சரியாக உட்காரவில்லை என்று தோளே சொல்லிவிடும். நம் ஊர் வெயிலில் மாதக்கணக்கில் சுருட்டி வைத்த கைட்டுக்குள் பிளாடர் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டிருக்கும். முனைப் பக்கம் முறுக்கிக்கொண்டும் கிடக்கும். கையால் அடிக்கும்போது காற்று ஓரிடத்தில் தடுக்கி நிற்பதை உணர்ந்து, நிறுத்தி, உதறிவிட்டுத் தொடர்வோம். இயந்திரத்துக்கு அது தெரியாது. விசிறி ஓடும் முதல் அரை நிமிடம் முழுவதும் முனை வரை கண்ணால் தொடருங்கள். நீண்ட நாள் மடித்து வைத்ததாக இருந்தால், முதல் இருபது தள்ளைக் கையாலேயே கொடுத்துவிடுவது என் வழக்கம்.

அளவுமானி காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பம்ப் ஓடும்போது அது காட்டுவது குழாயின் இந்தப் பக்கத்து அழுத்தம். குறுகிய குழாய் வழியே காற்று முட்டிக்கொண்டு போவதால் அந்த எண் உள்ளிருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 7இல் நின்ற பம்பை அரை நிமிடம் கழித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். மீண்டும் சற்றுநேரம் ஓடித்தான் நிற்கும். ஒரே வால்வில் எல்லாம் நிரம்பும் கைட்டில் முன்குழாயிலிருந்து ஸ்ட்ரட்களுக்கு மெல்லிய குழாய் வழியாகத்தான் காற்று போகிறது. அவை பின்தங்கி நிரம்பும். போதாததற்கு, பிஸ்டன் அழுத்திய காற்று சூடாக உள்ளே போகிறது. அது ஆறும்போது அழுத்தம் இறங்கும். உள்ளிருக்கும் காற்று 40 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறினால் 7 என்பது 6.3 ஆகிவிடும்.

வெயிலில் போட்டுவைத்தால் இதே கணக்கு திரும்பி ஓடும். 30 டிகிரியில் 7 பி.எஸ்.ஐ. அடித்த கைட்டை மதிய வெயிலில் மணல்மேல் கிடத்தி, உள்ளே 50 டிகிரி ஆனால், அழுத்தம் 8.4 வரை ஏறும். சாப்பிடப் போகிறீர்கள் என்றால் சற்று இறக்கிவிட்டுப் போங்கள்.

அதனால் நான் செய்வது இதுதான்: மின்சார பம்பை 6இல் நிறுத்திவிட்டு, ஸ்ட்ரட்கள் நிரம்பச் சற்றுப் பொறுத்து, கடைசி ஐந்தாறு தள்ளைக் கையால் கொடுப்பேன். பிறகு முன்குழாயை விரலால் சுண்டுவேன். வாரை இழுத்துக் கட்டிய தவில்போல் 'டங்' என்று கேட்டால் சரி. 'பொத்' என்று கேட்டால் இன்னும் நாலு தள்ளு. எவ்வளவு அழுத்தம் என்பது முன்குழாயிலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். பொதுவாகச் சிறிய கைட்டுக்குக் கூடுதல், பெரியதற்குக் குறைவு. முடித்ததும் ஸ்ட்ரட்களின் கிளிப்புகளைப் பூட்டுங்கள். முன்குழாய் கடலில் ஓட்டையானால் ஸ்ட்ரட்களாவது மிதக்கும்.

ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சின் பிரிட்டானிப் பகுதியைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள் காற்றுக் குழாய் வைத்த கைட்டுக்குக் காப்புரிமை கேட்டது 1984இல். கடலில் விழுந்த கைட் மிதக்க வேண்டும், வடிவம் குலையாமல் மறுபடி எழும்ப வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பின் நோக்கமே. தொளதொளத்த முன்குழாய் பலத்த காற்று ஒன்று மோதினால் நடுவில் மடங்கும். தண்ணீரில் விழுந்தால் முனை மடிந்து எழும்ப மறுக்கும். கரையிலிருந்து தொலைவில் இருக்கும்போது அது நடந்தால் நீந்தித்தான் வர வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து? காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் பம்புகள் மலிவு. ஆனால் இவை 9, 10 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள காரில் ஃபியூஸ் போய்விடலாம். அதைவிடப் பெரிய தொல்லை, வயர் மூன்று மீட்டர்தான் இருக்கும். காரோ சாலையில் நிற்கும். சாலையோரம் காற்றடித்து, வடிவம் வந்த கைட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே கரைக்கு நடப்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரி உள்ளேயே இருக்கும் பம்பை வாங்குங்கள். 66 வாட்-மணி அளவு பேட்டரி இருந்தால் ஐந்தாறு கைட்டுக்குத் தாங்கும். வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். கரையிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்ததை உடனே சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

மணல்தான் இந்தப் பம்புகளின் எமன். காற்றை உறிஞ்சும் துளை பெட்டியின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும். மணல்மேல் வைத்து ஓட்டினால் பொடி மணலும் உப்பும் உள்ளே போய், அங்கிருந்து கைட்டின் வால்வுக்கும் வரும். வால்வின் ரப்பரில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், அரை மணி நேரத்தில் கைட் தளர்ந்துவிடும். கைட்டின் பையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பம்பை வையுங்கள், துளை காற்று வரும் திசைக்கு மறுபக்கம் இருக்கட்டும். வாடைக் காலத்திலும் கச்சான் காலத்திலும் முழங்கால் உயரத்துக்கு மணல் பறக்கும் கரை இது.

இலங்கையின் கற்பிட்டிப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் விமான விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 வாட்-மணிக்கு உட்பட்ட பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். தனியாகக் கழற்றிய பேட்டரியை, எந்த அளவாக இருந்தாலும், சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அங்கே களப்பிலிருந்து படகேறி மணல்தீவுகளுக்குப் போகும் நாட்களில் நான் மின்சார பம்பை அறையிலேயே வைத்துவிடுவேன். நனைந்தால் கெடாத, சார்ஜ் கேட்காத கைப் பம்ப்தான் படகுக்கு ஏற்றது.

வாங்குவதற்கு முன் உங்கள் கைட்டின் வால்வைப் பாருங்கள். பழைய கைட்டுகளில் விரல் தடிமன் குழாயும் மூடியும் இருக்கும். புதியவற்றில் நிறுவனத்துக்கு ஒரு வகை. பம்போடு வரும் முனைகளில் எதுவும் பொருந்தாவிட்டால் கைட் நிறுவனமே விற்கும் அடாப்டரை வாங்குங்கள். ரப்பர் பேண்ட் சுற்றிச் செருகும் வேலை 4 பி.எஸ்.ஐ.யைத் தாண்டியதும் பிடுங்கிக்கொண்டு பறக்கும். எந்த ஆண்டு கைட், என்ன வால்வு என்று கீழே எழுதினால், எனக்குத் தெரிந்த வகையாக இருக்கும் பட்சத்தில் எந்த முனை பொருந்தும் என்று சொல்கிறேன்.