வடமேற்குப் பாதை யாருடைய கடல்?

கனடாவின் ஆர்க்டிக் பகுதி பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முருகேசன்: பனி உருகி வடமேற்குப் பாதை திறக்கிறதாமே. அது கனடாவுக்குச் சொந்தம்தானே, அமெரிக்காவுக்கு என்ன பிரச்சினை?

வடமேற்குப் பாதை என்பது கனடாவின் வடகோடித் தீவுகளுக்கு நடுவே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் கடல்வழி. அந்தத் தீவுகள் கனடாவுடையவை என்பதில் அமெரிக்காவுக்கும் மறுப்பில்லை. தகராறெல்லாம் நடுவில் உள்ள தண்ணீருக்குத்தான். எங்கள் உள்நாட்டு நீர், கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்கிறது கனடா. சர்வதேச நீரிணை, எந்தக் கப்பலும் போகலாம் என்கிறது அமெரிக்கா. 1969ல் மன்ஹாட்டன் என்ற எண்ணெய்க் கப்பல், அமெரிக்க அரசு அனுமதி கேட்காமலே போய்விட்டு, அடையாளத்துக்கு ஒரே ஒரு பீப்பாய் எண்ணெயோடு திரும்பியது. பதறிப்போன கனடா, மறு வருடமே 100 கடல் மைல் வரை மாசுத் தடுப்புச் சட்டம் போட்டது. 1985ல் போலார் சீ என்ற அமெரிக்கக் கப்பல் வந்தபோது மறுபடி கொந்தளிப்பு. 1988 ஒப்பந்தப்படி அமெரிக்காவின் பனியுடைப்புக் கப்பல்கள் சம்மதம் கேட்டு வரும். உரிமை விஷயத்தில் மட்டும் யாரும் இம்மியும் இறங்கவில்லை.

ஷாலினி: ரஷ்யா வட துருவத்தில் கொடி நட்டதே, இடம் அவர்களுக்காகிவிடுமா?

ஆகாது. 2007ல் 4,000 மீட்டருக்கும் கீழே நட்ட அந்த டைட்டானியம் கொடிக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. கடலடி உரிமை வேண்டுமென்றால் அளவுகளோடு ஐ.நா. ஆணையத்திடம் போக வேண்டும். ரஷ்யா, டென்மார்க், கனடா மூன்றுமே போயிருக்கின்றன.

ரஹீம்: ஆளே இல்லாத இடத்துக்கு ஏன் இத்தனை சண்டை?

ஆளே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் ஊர் அது. 1953லும் 1955லும் கனடா அரசு, கியூபெக்கின் வடக்கில் இனுக்ஜுவாக் என்ற ஊரில் வாழ்ந்த இனுயிட் குடும்பங்களைச் சுமார் 2,000 கி.மீ. வடக்கே கொண்டுபோய் கிரீஸ் ஃபியோர்ட், ரெசொலூட் என்ற இரண்டு இடங்களில் இறக்கியது. தங்களை வெவ்வேறு இடங்களுக்குப் பிரிக்கிறார்கள் என்பதே கப்பலில் ஏறிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்ற வாக்கு காற்றோடு போனது. சொந்த ஊரில் நடுக்குளிரிலும் தினம் சூரியன் வரும். புது ஊர்களில் சுமார் மூன்று மாதத்துக்குச் சூரியனே தலைகாட்டாது. அரசு 2010ல்தான் மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஊரிலும் இப்போது கல்லில் நினைவுச் சிலைகள் இருக்கின்றன. கிரீஸ் ஃபியோர்டில் மகனோடு நிற்கும் பெண் ரெசொலூட் திசையைப் பார்க்கிறாள். ரெசொலூட்டில் தனியாக நிற்கும் ஆண் அவள் இருக்கும் திசையைப் பார்க்கிறான். வரைபடத்தில் கனடாவின் எல்லை அவ்வளவு வடக்கே நிற்பதற்கு இவர்கள் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

செல்வி: சரி, அங்கே காவலுக்கு யார் இருக்கிறார்கள்?

கனடா ராணுவத்தின் பகுதிநேரப் படையான கனடியன் ரேஞ்சர்கள். நாடு முழுக்கச் சுமார் 5,000 பேர். சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்னோமொபைலில் ரோந்து போகும் உள்ளூர்க்காரர்கள். வடக்கே பலரும் இனுயிட். நம் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்திருப்பீர்களே, த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி, அதைத்தான் இவர்களும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். கடுங்குளிரிலும் அது மக்கர் பண்ணாது. எந்தப் பனி தாங்கும், எது உடையும் என்று அவர்களுக்குத் தெரிவது எந்த செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

அருண்: பாதுகாப்புக்குக் கனடா முதலில் எதில் செலவு செய்ய வேண்டும்?

குடிதண்ணீரில். ஆர்க்டிக்கில் நானிசிவிக் என்ற இடத்தில் கடற்படைத் தளம் என்று 2007ல் அறிவித்தார்கள். திட்டம் சுருங்கி, வருடக்கணக்கில் இழுத்தது. இனுயிட் மக்கள் அந்தக் கடலைப் பயன்படுத்தி வாழ்வதே கனடாவின் இறையாண்மைக்கு வலுச் சேர்க்கிறது என்று இனுயிட் மக்களின் வடக்குப் பிரதேசமான நுனாவுட்டுக்கான 1993 ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதே நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டில் 2021 அக்டோபரில் குழாய்த் தண்ணீரில் எரிபொருள் வாடை அடித்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று உத்தரவு. சனங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள்.