எலக்ட்ரிக் கிட்டார் பாடிக்கு எந்த மரம்? கேளுங்க சொல்றேன்

தஞ்சாவூர்ல கிட்டார், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ரிப்பேர் பாக்குறேன். இன்னைக்கு பட்டறை லீவு, கேக்குறவங்க ஊர் பேரோட கேளுங்க.

பட்டுக்கோட்டை: அண்ணே, மஹோகனின்னா சவுண்ட் கனமா இருக்கும், ஆல்டர்னா பளிச்னு இருக்கும்ங்குறாங்களே?

கம்பிக்குக் கீழ சத்தத்தை எடுக்குற காந்தமும் காயிலும்தான் பிக்கப். மஹோகனி கிட்டார்ல பெரும்பாலும் ஹம்பக்கர்ங்குற ரெட்டைக் காயில் பிக்கப் இருக்கும், ஆல்டர்ல சிங்கிள் காயில். உன் காதுல விழுற வித்தியாசம் பெரும்பாலும் அதுதான் தம்பி. ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954ல ஆஷ் மரத்துல வந்துச்சு, 1956 வாக்குல ஆல்டருக்கு மாறிட்டாங்க. மரத்தை விடு, பிக்கப் உயரத்தைப் பாரு, ஸ்க்ரூ திருகினா ஏறும் இறங்கும்: கடைசி ஃப்ரெட்ல (மெட்டுல) கம்பியை அமுக்கிட்டு கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல ஒரு ரூபா காசு ரெண்டு அடுக்கினது நுழையுதான்னு பாரு. அதைவிட ரொம்ப நெருங்கினா காந்தம் கம்பியை இழுத்து சுதி ஆடும்.

மாயவரம்: வீட்ல பழைய பலாக்கட்டை கிடக்கு, அதுல பாடி பண்ணலாமா?

நல்லா காஞ்சிருந்தா பண்ணலாம். கட்டை கனம், தோள் வலிக்கும்.

நாகை: கம்பியைத் தொட்டா ஆம்ப்ல கொர்ர் சத்தம் குறையுது, ஏன்?

கம்பி பிரிட்ஜ் (கம்பியைத் தாங்குற உலோகத் தகடு) வழியா கிரவுண்ட்ல, அதாவது எர்த்ல இருக்கு, நீங்க தொட்டதும் உங்க உடம்பும் கிரவுண்ட் ஆயிடுது, அதான். ஆனா எர்த் இல்லாத ப்ளக்குல ஆம்ப் போட்டுட்டு மைக்ல வாய வெச்சீங்கன்னா ஷாக் அடிக்கும், திருவிழா ஜெனரேட்டர்னா இன்னும் உஷார்.

திருவாரூர்: வீணைக் குடத்துக்குப் பலாதான் நாதம்னு ஊரே சொல்லுது. கிட்டாருக்கு மட்டும் மரம் முக்கியம் இல்லையா?

ஐயா, வீணையில குடமும் மேல்பலகையும்தான் காத்தை அசைக்குது, அதனால அங்க பலா பேசும். எலக்ட்ரிக் கிட்டார்ல இரும்புக் கம்பி காந்தத்துக்கு மேல ஆடுறதைத்தான் காயில் எடுக்குது. லெஸ் பால்ங்குற அமெரிக்க கிட்டார் கலைஞர் 1940 வாக்குல நாலங்குல பைன் கட்டையில கம்பி கட்டி வாசிச்சாரு, பாக்க கிட்டார் மாதிரி இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் பழைய கிட்டாரோட பாதிப் பாதியை ஒட்டினாரு. டேன்எலக்ட்ரோ கம்பெனிக்காரங்க மேசனைட்ங்குற அமுக்கின மரநார் அட்டையை மேலயும் கீழயும் வெச்சே கிட்டார் வித்தாங்க. மரத்துக்குப் பங்கே இல்லைன்னு சொல்லல, கம்பி எவ்வளவு நேரம் நிக்குதுங்குறதுல கொஞ்சம் இருக்கு, ஆனா பிக்கப் மாத்துறதுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

பாபநாசம்: வேம்புல பண்ணலாமா?

மேல பலாவுக்குச் சொன்னதுதான்.

கும்பகோணம்: தேக்கு?

சாமி, அதேதான்!

திருவாரூர்: அப்போ எலக்ட்ரிக் வீணைக்குப் பலா தண்டமா?

விட மாட்டீங்க. காந்த பிக்கப்னா தண்டம்தான், அதோட மந்தரத்துக்குப் பித்தளைக் கம்பி போட்டிருந்தா அது காந்தத்துக்குக் கேக்கவே கேக்காது. குடத்துல பீசோ ஒட்டினீங்கன்னா அது மரத்தோட அதிர்வையே எடுக்கும், அங்க பலா ஜெயிச்சுது, ஒத்துக்குறேன். ஞாயித்துக்கிழமை வீணையைத் தூக்கிட்டு வாங்க, ரெண்டையும் மாட்டிக் காட்டுறேன். எர்த் உள்ள ப்ளக்குலதான்.

பட்டுக்கோட்டை: அண்ணே, அப்ப மஹோகனியே வாங்கிடவா?

முதல்ல ஸ்க்ரூ டிரைவர் வாங்கு.