கேள்வி – பதில்: இரண்டு இ1 இணைப்புகளுக்கு எந்த மாட்யூல்?

கேள்வி: எங்கள் கிளை அலுவலகத்தில் சிஸ்கோ 2811 ரவுட்டர் இருக்கிறது. இதுவரை ஒரே இ1 இணைப்பில் (நொடிக்கு 2.048 மெகாபிட் கொண்டுசெல்லும் டிஜிட்டல் லைன்) சமாளித்துவந்தோம். இப்போது இன்னொன்றையும் வாங்கி, இரண்டையும் சேர்த்து ஒரே பாதையாகப் பயன்படுத்த விரும்புகிறோம். ரவுட்டரில் செருகுவதற்குச் சீரியல் மாட்யூல் வாங்குவதா, இரண்டு போர்ட் கொண்ட இ1 மாட்யூல் வாங்குவதா?

பதில்: விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், சேவை நிறுவனம் உங்கள் அறையில் எதைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே மோடம் ஒன்று இருந்து, அதன் பின்புறம் வி.35 எனப்படும் அகலமான சீரியல் சாக்கெட் தெரிந்தால், இ1 சிக்னலைப் பிரித்தெடுக்கும் வேலையை அந்த மோடமே செய்துவிடுகிறது. ரவுட்டருக்கு இரண்டு சீரியல் போர்ட் உள்ள மாட்யூலும் அதற்குரிய கேபிள்களும் போதும். மோடம் இல்லாமல் ஆர்.ஜே. வகை சாக்கெட்டோ, கோஆக்சியல் கேபிளுக்கான ஒரு ஜோடி பி.என்.சி. முனைகளோ மட்டும் இருந்தால், இ1 மாட்யூல்தான் வேண்டும். பி.என்.சி. முனையின் மின்மறுப்பு 75 ஓம், ஆர்.ஜே. முனையுடையது 120 ஓம் என்பதால், இரண்டையும் இணைக்க நடுவில் பேலன் என்ற மாற்றி தேவைப்படும். இந்தச் சிறு பொருளை மறந்துவிட்டு, இணைப்பு தரும் நாளன்று தவிப்பவர்கள் ஏராளம்.

இ1 மாட்யூல் என்று முடிவானால், சிஸ்கோவின் வி.டபிள்யூ.ஐ.சி.2 மாட்யூல் வரிசையில் இரண்டு போர்ட் உள்ளதையே நான் சொல்வேன். அதற்கு முந்தைய தலைமுறை மாட்யூலில் இரண்டு போர்ட்டுகளும், பிட்டுகளின் நேரத்தைக் கணக்கிடும் ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்தாக வேண்டும். இரண்டு லைன்களும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடினால், லைன் அறுபடாமலேயே பிழைகள் சேர்ந்துகொண்டிருக்கும், ‘ஷோ கன்ட்ரோலர்ஸ் இ1’ கட்டளையின் விடையில் ஸ்லிப் (கடிகார வேறுபாட்டால் தரவு நழுவுவது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒரே நிறுவனத்தின் லைன்கள் என்றால் பெரும்பாலும் ஒரே கடிகாரம்தான். ஆனாலும் பழைய மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். சேவை நிறுவனம் தருவது ஃப்ரேம் இல்லாத, அதாவது ஸ்லாட்டுகளாகப் பிரிக்கப்படாத, முழு 2.048 மெகாபிட் லைனாக இருந்தால் மட்டும், ஜி.703 என்று பெயரில் குறிப்பிட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். ஃப்ரேம் உள்ள லைனில் 32 நேர ஸ்லாட்டுகளில் ஒன்று ஒத்திசைவுக்குப் போய்விடுவதால், ஒவ்வொன்றிலும் 1.984 மெகாபிட், சேர்த்தால் 3.968 மெகாபிட் கிடைக்கும்.

மாட்யூல் எதுவானாலும், சேர்க்கும் வேலையைச் செய்வது மல்டிலிங்க் பி.பி.பி. நெறிமுறை. 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1990 என்ற எண்ணுள்ள இணையத் தரநிலை ஆவணம் இதை வரையறுக்கிறது. அது ஒவ்வொரு பேக்கெட்டையும் துண்டாக்கி, வரிசை எண் இட்டு, இரண்டு லைன்களிலும் அனுப்பி, மறுமுனையில் ஒன்றுசேர்க்கிறது. ஆகவே எதிர்முனையில் இரண்டு லைன்களும் ஒரே ரவுட்டரில் முடிய வேண்டும் என்பதையும், அங்கேயும் மல்டிலிங்க் அமைத்துத் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மாட்யூலுக்கு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: மல்டிலிங்க் இல்லாமல், இரண்டு லைன்களுக்கும் சம மதிப்புள்ள ரூட் (பாதை விதி) எழுதினால் போதாதா?

பதில்: பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அலுவலகத்துக்குப் போதும், ரவுட்டரின் சி.பி.யு.வுக்கும் சுமை குறைவு. ஆனால் வழக்கமான அமைப்பில் ஒரு கணினிக்கும் ஒரு சர்வருக்கும் இடையிலான போக்குவரத்து ஒரே லைனில்தான் போகும் என்பதால், இரவில் ஓடும் ஒற்றை பேக்கப் 2 மெகாபிட்டைத் தாண்டாது.