17 வயதில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முடியுமா? விடுதி மாணவர் எந்த ஊரில் சேர்ப்பது?

முடியும். 17 நிறைந்ததும், புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்கலாம். 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாட்கள் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. நீங்கள் 18 நிறைந்த பின் வரும் தகுதி நாளை ஒட்டிப் பெயர் ஏறும்.

விடுதி மாணவர் சொந்த ஊரிலோ விடுதி இருக்கும் தொகுதியிலோ பதியலாம். விடுதி முகவரி என்றால் கல்லூரியின் சான்று வேண்டும். ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் புதிதாகப் படிவம் 6 போடாதீர்கள், இடமாற்றத்துக்குப் படிவம் 8தான். வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதிமொழி தருவது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இணையத்தில் நிரப்பும்போது பலர் சறுக்குவது பெயரில். ஆங்கிலத்தில் அடித்ததும் தமிழ் வடிவம் தானாக வந்து விழும். அதில் ‘வள்ளி’ ‘வல்லி’ ஆகிவிடலாம். அனுப்புமுன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்க்க வருவார். வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் தேங்கும், ஆகவே வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வாக்காளர் அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. தேர்தலுக்குத் தேர்தல் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேளுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேராது. பரிசீலனைக்கும் நாட்கள் பிடிக்கும் என்பதால், தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.